விதிவிலக்குகள் காட்டிய மூலமொழி

எழுத்தில் ஒருபோதும் பொறிக்கப்படாததும், பேசிய மக்கள் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொண்டனர் என்பதுகூட அறிய முடியாததும், ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பல கிளைகளாகப் பிரிந்து மறைந்ததுமான ஒரு பாஷையின் சொற்களையும் இலக்கணத்தையும் பிற்காலத்து அறிஞர் எடுத்துரைக்கிறார்கள் என்றால், கேட்பவர் முதலில் ஐயுறுவது இயல்பே. அம்மொழிக்குக் கல்வெட்டு இல்லை, ஏடு இல்லை, பானை ஓட்டின்மேல் கீறிய ஓர் எழுத்துமில்லை. ஆயினும் வடமொழி, பாரசீகம், கிரேக்கம், லத்தீன், ஜெர்மன், ஆங்கிலம், ருஷ்யம், லித்துவேனியம், ஐரிஷ், ஆர்மீனியம், அல்பேனியம் முதலிய எண்ணிறந்த மொழிகளுக்குத் தாயாக நின்ற அப்பாஷை, ஆதி இந்தோ-ஐரோப்பியம் என்னும் பெயரால் இன்று பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கப்படுகிறது. அதன் சொல் ஒன்றை எழுதும்போது அதன் முன்னே உடுக்குறி ஒன்றை இடுவது ஆராய்ச்சியாளரின் மரபு. இச்சொல்லை எந்தச் சாசனத்திலும் கண்டிலோம், அனுமானத்தாற் பெற்றோம் என்பதே அச்சிறு குறியின் பொருள்.

அறிவு வரும் வழிகளை நம் தருக்க நூலார் பிரத்தியட்சம், அனுமானம் முதலாகப் பகுத்தனர். மலைமேற் புகையைக் கண்டவன் அங்கே நெருப்புண்டு என்று துணிவது அனுமானம். புகை உள்ள இடமெல்லாம் நெருப்பும் உண்டு என்னும் தவறாத உடனிகழ்ச்சியாகிய வியாப்தி இல்லையேல் அத்துணிபு வெறும் ஊகமாகிவிடும். மூலமொழி ஆராய்ச்சிக்கும் அத்தகைய வியாப்தி ஒன்று உண்டு. ஒரு மொழியில் ஓர் ஒலி மாறுமாயின், அதே சூழலில் அவ்வொலி வரும் சொற்களிலெல்லாம் அது அவ்வாறே மாறும் என்பதே அது. இவ்விதி பொருந்திய இடங்களால் மட்டும் இச்சாஸ்திரம் வளர்ந்துவிடவில்லை. விதி பொய்த்ததுபோலத் தோன்றிய இடங்களை மறைக்காமல் முன்னே எடுத்துவைத்து, அவற்றுக்கும் காரணம் உண்டு என்று நம்பித் தேடியவர்களால்தான் இது வளர்ந்தது. அவ்வளர்ச்சியையும், அதனாற் புலப்பட்ட மூலமொழியின் இயல்புகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறவு உணரப்பட்ட வரலாறு

வடமொழிக்கும் மேனாட்டு மொழிகளுக்கும் உள்ள ஒற்றுமை, ஐரோப்பியர் இந்நாட்டுக்கு வரத் தொடங்கிய சில காலத்திலேயே அவர்களுடைய கவனத்தைக் கவர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கோவாவில் வாழ்ந்த பிலிப்போ ஸஸ்ஸெத்தி என்னும் பிளாரன்ஸ் நகரத்து வணிகர், ஸப்த, அஷ்ட, நவ என்னும் எண்ணுப்பெயர்களும், தேவ, ஸர்ப்ப என்னும் பெயர்களும், தம் தாய்மொழியாகிய இத்தாலியத்தின் ஸெத்தே, ஓத்தோ, நோவே, தீயோ, ஸெர்ப்பே என்பவற்றை ஒத்திருத்தலைத் தம் கடிதங்களிற் குறித்துவைத்தார். ஆந்திர நாட்டிலும் புதுச்சேரியிலும் நெடுங்காலம் வாழ்ந்த கேர்தூ என்னும் பிரெஞ்சு ஏசு சபைத் துறவி, 1767-இல் பாரிஸ் நகரத்து அறிஞர் கழகத்துக்கு விடுத்த ஆராய்ச்சியில், வடமொழிச் சொற்களையும் சொல்விகுதிகளையும் கிரேக்க, லத்தீன் மொழிகளோடு நிரல்பட வைத்துக் காட்டி, வாணிகத்தாலோ சமயத்தாலோ ஏற்பட்ட கடன் என்று இவ்வொற்றுமையை விளக்கிவிட முடியாது, இம்மக்களின் முன்னோர் ஒரு காலத்தில் ஒரு மொழியினராக இருந்திருத்தல் வேண்டும் என்று முடிவு கூறினார். தமிழகத்துக் கடற்கரை நகர் ஒன்றோடு தொடர்புற்ற அப்பெரியாரின் எழுத்து 1808 வரை அச்சேறாமற் கிடந்தது. அதற்குள், கல்கத்தாவில் நீதிபதியாயிருந்த ஸர் வில்லியம் ஜோன்ஸ், 1786-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் ஆசியக் கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில், இம்மூன்று மொழிகளும் ஒருவேளை இப்போது இல்லாதொழிந்த ஒரு பொது ஊற்றினின்று தோன்றியிருத்தல் வேண்டும் என்று கூறியதே உலகெங்கும் பரவலாயிற்று.

தாய்மொழி இன்று இல்லாமற் போயிருக்கலாம் என்பதே ஜோன்ஸின் கூற்றில் மிகவும் ஆழமான பகுதி. அதற்கு முன் இருந்தோரிற் பலர், கண்ணெதிரே உள்ள ஏதேனும் ஒரு மொழியையே ஏனையவற்றுக்குத் தாயாக்க முயன்றனர். வடமொழியும் மகள்களில் ஒருத்தியே என்னும் கருத்து வேரூன்றிய பின்னரே ஒப்பியல் இலக்கணம் பிறக்க இடமுண்டாயிற்று. 1813-இல் தாமஸ் யங் இக்குடும்பத்துக்கு இந்தோ-ஐரோப்பியம் என்று பெயரிட்டார். 1816-இல் ஜெர்மானியராகிய ஃபிரான்ஸ் பாப், வடமொழி வினைத்திரிபுகளைக் கிரேக்கம், லத்தீன், பாரசீகம், ஜெர்மானியம் ஆகியவற்றின் திரிபுகளோடு ஒப்பிட்டு நூல் செய்தார். அதே 1816-இல், சென்னையிற் கலெக்டராயிருந்த எல்லிஸ், தெலுங்கு இலக்கண நூல் ஒன்றின் முகவுரையில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியினின்று பிறந்தவையல்ல, தமக்குள் உறவுடைய தனிக் குடும்பத்தின என்று நிறுவினார் என்பது நாம் மறக்கத்தகாத செய்தி. எவை உறவின என்பதையும் எவை உறவின அல்ல என்பதையும் ஒரே முறை ஒரே ஆண்டில் இரு கண்டங்களிற் காட்டியது.

ஒலி விதியும் அதன் முதல் விலக்கும்

இரண்டு சொற்கள் ஒத்து ஒலிப்பதனால் மட்டும் உறவினவாகிவிடா. ஒவ்வாது ஒலிப்பதனால் மட்டும் அயலனவாகிவிடா. கடவுளைக் குறிக்கும் லத்தீனச் சொல் தெயுஸ். கிரேக்கச் சொல் தெயொஸ். கேட்பவர் செவிக்கு இவை இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றினும், லத்தீனச் சொல் நம் தேவ என்பதோடு ஒருவேர்ப் பிறந்தது, கிரேக்கச் சொல் வேறொரு வேரினது. இதற்கு மாறாக, இரண்டு என்னும் எண்ணைக் குறிக்கும் ஆர்மீனியச் சொல் எர்கு; அது வடமொழி த்வௌ என்பதற்கும் லத்தீன தூவோ என்பதற்கும் உடன்பிறப்பு. மூலமொழியிற் சொல்முதலில் வந்த த்வ என்னும் கூட்டொலி ஆர்மீனியத்தில் எர்க் என்று ஆவது வேறு சொற்களிலும் காணப்படுதலின், முகச்சாயல் இல்லாவிடினும் பிறப்புரிமை நிலைபெறுகிறது.

இத்தகைய ஒழுங்கை ஜெர்மானியக் கிளையிற் கண்டு, டேனிஷ் அறிஞர் ராஸ்க் 1818-இலும், யாகோப் கிரிம் 1822-இலும் வெளியிட்டனர். வடமொழியில் பிதா, ஆங்கிலத்தில் ஃபாதர். த்ரய என்பதற்கு த்ரீ. லத்தீனத்தில் கெந்தும், ஆங்கிலத்தில் ஹண்ட்ரட். மூலமொழியின் வல்லொலிகள் ஜெர்மானியத்தில் மூச்சுரசும் ஒலிகளாயின. தச என்பது டென் ஆயிற்று. வர்க்கத்தின் மூன்றாம் எழுத்து முதலெழுத்தாயிற்று. மது என்பதன் நான்காம் தகரம், தேறலைக் குறிக்கும் ஆங்கில மீட் என்பதில் மூன்றாம் எழுத்தின் ஒலியாய் நின்றது. இவ்வாறு ஓரணியாக நிகழ்ந்த பெயர்ச்சியே கிரிம் விதி எனப்படுகிறது.

ஆனால் இவ்விதிக்கு ஒரு பெரிய விலக்கு இருந்தது. வடமொழியில் பிதா, மாதா, ப்ராதா என்னும் மூன்று சொற்களிலும் இடையில் நிற்பது ஒரே தகரம். ஜெர்மன் மொழியிலோ தந்தை ஃபாட்டர், தாய் முட்டர், உடன்பிறந்தான் ப்ரூடர். முன்னிரண்டிலும் ஓரொலி, மூன்றாவதில் வேறொலி. ஒரே வீட்டில் வழங்கும் மூன்று முறைப்பெயர்களில் ஒன்று மட்டும் ஏன் வேறு வழியிற் செல்ல வேண்டும்? 1875-இல் கார்ல் வெர்னர் என்னும் டேனிஷ் அறிஞர் இதற்கு விடை கண்டார். வேதமொழியில் உதாத்தம் என்னும் உயர்ந்த சுரம் பிதா, மாதா என்பவற்றில் ஈற்றசையிலும், ப்ராதா என்பதில் முதலசையிலும் நிற்கிறது. தகரத்துக்கு நேர் முன்னசையிற் சுரம் நின்றால் ஒருவகை மாற்றமும், வேறிடத்தில் நின்றால் மற்றொருவகை மாற்றமும் ஜெர்மானியத்தில் நிகழ்ந்தன. ஜெர்மானியத்தில் அப்பழைய சுரம் பின்னர் இடம்பெயர்ந்து எல்லாச் சொற்களிலும் முதலசைக்குப் போய்விட்டது. அது முன்னே நின்ற இடத்தின் தடம் மட்டும் மெய்யொலியில் எஞ்சியது. எழுத்தின் துணையின்றி, ஓதுவோர் நாவிலும் செவியிலும் வழிவழியாகக் காக்கப்பட்டு வந்த வேதத்தின் சுரம், பனி படர்ந்த வடநாட்டு மொழி ஒன்றின் புதிரை விடுவித்தது. விலக்குக்கும் ஒரு விதி உண்டு என்னும் நம்பிக்கை அன்று உறுதியாயிற்று. லைப்சிக் நகரத்து இளம் அறிஞர்களான ப்ருக்மன், ஆஸ்த்தாஃப் முதலியோர் 1878-இல் அதைத் தம் கொள்கையாகவே அறிவித்தனர்.

இழந்த உயிர்கள்

வடமொழியின் தொன்மையில் ஈடுபட்ட முதல் தலைமுறையினர், அதில் உள்ளபடியே மூலமொழியிலும் அ, இ, உ என்னும் மூன்று குறில்களே இருந்தன, கிரேக்க லத்தீனங்களின் எகர ஒகரங்கள் பின்னர்த் தோன்றியவை என்று கருதினர். வடமொழியில் அஸ்தி, லத்தீனத்தில் எஸ்த். வடமொழியில் அஷ்ட, லத்தீனத்தில் ஓக்தோ. எது பழையது? 1870-களின் பிற்பகுதியில் அறிஞர் பலர் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தனர். செய்தான் என்னும் பொருளில் வடமொழியில் வரும் சகார என்னும் சொல்லை நோக்குக. வேர் க்ரு. இறந்தகாலத்தில் வேரின் முதலொலியை இரட்டிப்பது மரபாதலின், ககார என்றல்லவோ வந்திருக்க வேண்டும்? அவ்வாறே கம் என்னும் வேர் ஜகாம என்று ஆகிறது. இரட்டிக்கும்போது கவர்க்கம் சவர்க்கமாகும் என்று பாணினி விதித்தார். காரணம் கூறுவது அவருடைய நோக்கமன்று. கிரேக்கத்தில் இத்தகைய இறந்தகால வடிவங்களின் இரட்டித்த அசையில் எகரமே வருகிறது. ஆகவே வடமொழியிலும் ஒரு காலத்தில் அவ்விடத்தில் எகரம் இருந்தது. அதன் முன் நின்ற ககரம் அண்ணத்தை நோக்கி நெகிழ்ந்து சகரமாயிற்று. அதன்பின் எகரம் அகரமாக மாறி மறைந்தது. அகரமும் ஒகரமும் இருந்த இடங்களிற் ககரம் நெகிழவில்லை. இழந்த உயிர் தன் அடையாளத்தை அடுத்த மெய்யின்மேல் விட்டுச் சென்றிருக்கிறது.

இம்மாற்றம் தமிழர்க்குப் புதிதன்று. கன்னடத்தார் கிவி என்பதை நாம் செவி என்கிறோம். அவர்கள் கெம்பு என்பதை நாம் செம்மை என்கிறோம். இகர எகரங்களின் முன் பழந்திராவிடக் ககரம் தமிழிற் சகரமாயிற்று. அகரத்தின் முன் நின்ற கண் மாறாது நின்றது. அப்படியாயின் கிளி, கெடு, கேள் என்பன ஏன் மாறவில்லை என்று ஒருவர் கேட்கலாம். அவற்றிலெல்லாம் அவ்வுயிரை அடுத்து நாமடி ஒலி ஒன்று வருதலைக் காண்க. அவ்வொலி அடுத்து வருமிடத்துக் ககரம் நிலைத்தது. இங்கும் விலக்கு ஒரு விதியையே காட்டி நிற்கிறது. கங்கைக் கரையில் நிகழ்ந்ததும் காவிரிக் கரையில் நிகழ்ந்ததும் மனித நாவின் ஒரே இயற்கைக்கு உட்பட்டவை.

பிரத்தியட்சமான அனுமானம்

இச்சாஸ்திரத்தின் வரலாற்றில் மிகவும் வியக்கத்தக்க நிகழ்ச்சி, ஃபெர்தினான் தெ ஸொஸ்ஸூர் என்னும் ஜெனீவா நகரத்து இளைஞர் தம் 21-ஆம் வயதில், 1878-இன் இறுதியில், லைப்சிக்கில் வெளியிட்ட நூலோடு தொடங்குகிறது. வடமொழி வினைகளில் ஏழாம் கணமும் ஒன்பதாம் கணமும் வெவ்வேறானவை என்பது இலக்கணிகளின் மரபு. யுஜ் என்னும் வேர் ஏழாம் கணத்தது. அதன் நடுவில் ந என்னும் அசை புகுந்து, இறுதி மெய்யின் முன் நின்று, யு-ந-க்-தி என்று ஆகும். பூ என்னும் வேர் ஒன்பதாம் கணத்தது. புனாதி, தூய்மை செய்கிறான் என்று ஆகும். ஸொஸ்ஸூர் இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினார். புனாதியிலும் அதே ந என்னும் அசைதான் நடுவிற் புகுந்துள்ளது. அதன் பின்னே ககரம் போன்ற ஒரு மெய் ஒருகாலத்தில் நின்று மறைந்ததனால் உயிர் நீண்டது என்று கொண்டால், இரு கணங்களும் ஒன்றே ஆகும். யுக்த என்பதற்கு இணை பூத. அங்கே ககரம் நிற்குமிடத்தில் இங்கே மறைந்த ஒலி ஒன்று முன்னின்ற உகரத்தை நீட்டிவிட்டுச் சென்றது. இவ்வாறு, எந்த மொழியிலும் அன்று காணப்படாத ஒலிகளை அவர் கணக்கினாலேயே பெற்றார். ஹெர்மன் மெல்லர் என்னும் அறிஞர் மூன்றாவதொன்றையும் சேர்த்து, இவை தொண்டையிற் பிறக்கும் மெய்களாயிருக்கலாம் என்றார். பெரும்பாலோர் இதனை ஒரு வித்தையாகவே மதித்து ஒதுக்கினர்.

1906-இல் துருக்கியில் போகாஸ்கோய் என்னும் ஊரில், ஹ்யூகோ விங்க்லர் அகழ்ந்த ஹிட்டைட் தலைநகரில், ஆப்பெழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கிற் கிடைத்தன. எழுத்தைப் படிக்க முடிந்தது, மொழி விளங்கவில்லை. 1915-இல் செக் நாட்டவராகிய ஹ்ரோஸ்னி, அப்பலகைகளில் ஓரிடத்தில் ரொட்டியைக் குறிக்கும் குறியீடும், அதனை அடுத்து உண்ணுதலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லை நினைப்பூட்டும் வினையும், பின்னர் வாதர் என்னும் சொல்லும் வருதலைக் கண்டு, அது தண்ணீரே என்று துணிந்து, ஹிட்டைட்டு மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தது என்று அறிவித்தார். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1927-இல் போலந்து அறிஞர் குரிலோவிச், ஸொஸ்ஸூர் கணக்கிட்ட இடங்களிலேயே ஹிட்டைட்டில் ஹகரம் போன்ற தொண்டையொலி ஒன்று எழுதப்பட்டிருப்பதை எடுத்துக் காட்டினார். எலும்பு வடமொழியில் அஸ்தி, கிரேக்கத்தில் ஒஸ்தெயொன், ஹிட்டைட்டில் ஹஸ்தாய். முன்பக்கம் லத்தீனத்தில் ஆந்தே, ஹிட்டைட்டில் ஹந்த். காத்தல் என்னும் பொருளில் வடமொழி வேர் பா, ஹிட்டைட்டில் பஹ்ஸ். பா என்பதன் நெடில் எதன் மறைவால் உண்டாயிற்று என்பது களிமண்ணில் எழுதப்பட்டு மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்தது. அனுமானம் பிரத்தியட்சமாயிற்று. ஸொஸ்ஸூர் அதைக் காண இல்லை; ஹ்ரோஸ்னியின் அறிவிப்புக்கு ஈராண்டு முன்னரே, 1913-இல், அவர் மறைந்தார்.

இன்னொரு சான்றும் பின்னர்க் கிடைத்தது. உம் என்னும் பொருள் தரும் இடைச்சொல் வடமொழியில் ச, லத்தீனத்தில் க்வே, கிரேக்கத்தில் தெ. இவை மூன்றும் க்வெ என்னும் ஒரே மூலத்தின என்றால், கிரேக்கத்திலும் ஒரு காலத்தில் இதழ்குவிந்த ககரம் இருந்திருக்க வேண்டும். 1952-இல் மைக்கேல் வெந்திரிஸ், ஹோமருக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட கிரேக்கப் பலகைகளின் எழுத்தை விடுவித்தபோது, அவ்வொலிக்கென்று தனி எழுத்துகளே அங்கே இருந்தன.

மூலமொழியின் அமைப்பு

இவ்வாறு மீட்டெடுத்த மொழியின் இயல்புகளைச் சுருங்கக் கூறுவோம். அதில் வல்லொலிகள் மிகுதி. வழக்கமாக மீட்டுரைக்கும் முறைப்படி, இதழ், பல், முன்னண்ணம், பின்னண்ணம், இதழ்குவிந்த பின்னண்ணம் என்னும் ஐந்து இடங்களிலும், நம் வர்க்க எழுத்துகளின் முதல், மூன்றாம், நான்காம் ஒலிகளுக்கு ஒப்பான மூன்று வரிசைகள் இருந்தன. உரசொலி ஸகரம் ஒன்றே. அதனோடு ஸொஸ்ஸூரும் மெல்லரும் கண்ட தொண்டையொலிகள் மூன்று. யகர வகரங்களும் ரகர லகரங்களும் மகர னகரங்களும், இடத்துக்கேற்ப மெய்யாகவும் உயிர்போலவும் நின்றன. வடமொழி ருகர உயிர் அந்நிலையின் எச்சமே.

அம்மொழியின் உயிர்நாடி, வேரினுள் உயிர் மாறி நிற்கும் இயல்பு. ஒரே வேர் எகரத்தோடும், ஒகரத்தோடும், உயிரே இன்றியும் மூன்று நிலைகளில் வரும். ஆங்கிலத்தின் ஸிங், ஸாங், ஸங் என்னும் திரிபு அதன் நேர் வழித்தோன்றல். வடமொழி இலக்கணிகள் இதனைக் குணம், விருத்தி என்று வகுத்து, உயிரற்ற நிலையை அடிப்படையாகவும், குணத்தை அதன் வளர்ச்சியாகவும் கொண்டனர். மூலமொழி நோக்கிற் பார்த்தால் எகர நிலையே அடிப்படை. சுரம் நீங்கியபோது உயிர் தேய்ந்து மறைந்தது. திசை மாறினும், இரு நிலைகளையும் முதன்முதற் பிரித்துக் காட்டிய பெருமை நம் நாட்டு இலக்கணிகளுக்கே உரியது. அவர்களிடமிருந்தே ஐரோப்பியர் வேரையும் விகுதியையும் பிரிக்கக் கற்றனர்.

பெயர்ச்சொல்லுக்கு எட்டு வேற்றுமைகளும், ஒருமை, இருமை, பன்மை என மூன்று எண்களும் இருந்தன. தமிழில் மரத்தை என்பதிலும் மரங்களை என்பதிலும் ஐ என்னும் உருபு ஒன்றே. பன்மைக்குரிய விகுதி தனியே நிற்கிறது. மூலமொழியிலோ ஒரே ஈறு வேற்றுமையையும் எண்ணையும் பிரிக்கமுடியாதபடி ஒருங்கே உணர்த்தியது. வினைச்சொல், செயல் எப்போது நிகழ்ந்தது என்பதனினும், அது தொடர்வதோ, முற்றியதோ, முற்றியதன் பயனாய் நிற்கும் நிலையோ என்பதையே முதன்மையாகக் காட்டியது. செயலின் பயன் செய்வோனையே சாரும் என்பதைக் காட்டத் தனி விகுதிகளும் இருந்தன.

உறவை நிறுவுவதில், சொல்லின் ஒற்றுமையை விட ஒழுங்கின்மையின் ஒற்றுமையே வலிமை மிக்கது. பாடசாலையில் வடமொழி தொடங்கும் மாணவன் அஸ்தி, ஸ்தஹ, ஸந்தி என்று ஓதுகிறான். ஒருமையில் இருந்த அகரம் பன்மையில் எங்கே போயிற்று? லத்தீனத்தில் எஸ்த், ஸுந்த். ஜெர்மன் மொழியில் இஸ்த், ஸிந்த். அங்கும் ஒருமையில் உயிர் உண்டு; பன்மையில் வேரின் உயிர் இல்லை. பண்டத்தின் பெயரைக் கடன் வாங்குவார் உண்டு. ஒரு வினையின் முறைகேட்டைக் கடன் வாங்குவார் இல்லை. பன்மையிற் சுரம் ஈற்றுக்குச் சென்றதனால் வேரின் உயிர் மறைந்தது. அம்மறைவை மூன்று நாட்டாரும் பரம்பரைச் சொத்தாகப் பெற்றனர்.

தண்ணீரும் அத்தகையதே. ஹிட்டைட்டில் எழுவாய் வாதர். ஆறாம் வேற்றுமையில் ரகரம் நீங்கி னகரம் வந்து வெதெனஸ் என்றாகும். ஆங்கிலம் வாட்டர் என்று ரகரத்தைக் காத்தது. ஸ்வீடிஷ் வத்தென் என்று னகரத்தைக் காத்தது. வடமொழியில் பகலைக் குறிக்கும் அஹர் என்னும் சொல் ஆறாம் வேற்றுமையில் அஹ்னஹ என்றாவதை இலக்கண மாணவர் ஒரு விதிவிலக்காக மனப்பாடம் செய்கின்றனர். அது விலக்கன்று, மூலமொழியில் ஒரு முழு வகுப்பாயிருந்த சொற்களின் எச்சங்களுள் ஒன்று.

சொற்கள் காட்டும் வாழ்க்கை

சொல் இருந்ததெனில் பொருளும் இருந்திருக்கும் என்னும் துணிபால், அம்மக்களின் வாழ்க்கையும் ஓரளவு புலப்படுகிறது. ஆடு, அதன் கம்பளி, பசு, குதிரை, நாய், தேன், அதிலிருந்து வடித்த மது, நுகம், பனி ஆகியவற்றுக்கு அவர்களிடம் பெயர் இருந்தது. வடமொழி யுகம், லத்தீன யுகும், ஹிட்டைட் யுகன், ஆங்கில யோக் ஆகியவை ஒரே நுகத்தின் பெயர்கள். வடமொழி சக்ர, கிரேக்க கூக்லோஸ், ஆங்கில வீல் ஆகியவை ஒரே சக்கரத்தின் பெயர்கள். ரத என்பதற்கு லத்தீன ரோதா உறவு. அச்சைக் குறிக்கும் அக்ஷ என்பதற்கு ஆக்ஸிஸ் உறவு. சக்கர வண்டி கி.மு. 3500-ஐ ஒட்டிய காலத்துக்கு முன் உலகில் இருந்தமைக்குத் தெளிவான சான்றில்லை யாதலின், இக்கிளைகள் அக்காலத்தில் இன்னும் பெரிதும் பிரியாதிருந்தன என்று பலர் கொள்கின்றனர்.

தாயகம் பற்றிய வாதம் நெடியது. கருங்கடலுக்கும் காஸ்பியனுக்கும் வடக்கேயுள்ள புல்வெளியே அது என்று மரியா கிம்புதாஸ் 1956 முதல் வாதித்தார். அனதோலியாவின் முதல் உழவரே அம்மொழியைப் பரப்பினர் என்று காலின் ரென்ஃப்ரூ 1987-இற் கூறினார். தொல்லெலும்புகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2015-இல் வெளிவந்த முடிவுகள், புல்வெளியினின்று ஐரோப்பாவுக்குப் பெருங்குடிபெயர்ச்சி நிகழ்ந்தமையைக் காட்டி, முன்னைய கொள்கைக்கு வலிமை சேர்த்தன.

பொருள்களோடு எண்ணங்களும் மீள்கின்றன. விருந்தினரைக் குறித்த ஒரு சொல் ஜெர்மானியத்திலும் ஸ்லாவியத்திலும் விருந்தினராகவே நிற்க, லத்தீனத்தில் ஹோஸ்திஸ் என்று பகைவனாயிற்று. வாயிலில் வந்து நிற்கும் புதியவன் இரண்டில் எதுவும் ஆகலாம் என்று அஞ்சியிருந்த காலம் அச்சொல்லுக்குள் உறைந்திருக்கிறது. அழியாப் புகழ் என்னும் தொடர், வேதத்திலும் ஹோமரின் காவியத்திலும் ஒருவேர்ச் சொற்களாலேயே அமைந்திருப்பதை 1853-இல் அடால்பெர்ட் கூன் கண்டார். எழுத்தறியாத அம்மக்களிடமும் புலவர் இருந்தனர் என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எல்லையும் எச்சரிக்கையும்

1868-இல் ஆகஸ்ட் ஷ்லைஹர், ஆடும் குதிரைகளும் என்னும் சிறுகதை ஒன்றை மூலமொழியிலேயே எழுதினார். அவர் இட்ட தலைப்பு, அவிஸ் அக்வாஸஸ் க என்பது; வடமொழியின் அகரங்களே அதில் நிறைந்திருந்தன. ஹெர்மன் ஹிர்ட் அதே கதையைத் திருத்தி எழுதியது 1939-இல் வெளிவந்தபோது, தலைப்பு ஓவிஸ் எக்வோஸெஸ் க்வெ என்று மாறியது. இடையே நிகழ்ந்தது, நாம் முன்னே கண்ட எகர ஒகரங்களின் மீட்சி. இங்கே மாறுவது மூலமொழியன்று. அதைப் பற்றிய நம் அறிவு. மேலும், ஹிட்டைட்டு மொழியிற் பெண்பால் தனியே இல்லை. உயிருள்ளது, உயிரற்றது என்னும் இருபாற் பாகுபாடே உண்டு. ஆதலின், அக்கிளை முதலிற் பிரிந்தபின் ஏனைய கிளைகளின் முன்னோரிடம் பெண்பால் தோன்றியது என்று பலர் கருதுகின்றனர். மூலமொழி என்பது ஒரு நாளில் ஓரூரிற் பேசப்பட்ட பேச்சன்று. பல நூற்றாண்டுகளின் நிலைகளை நாம் ஒரே தளத்தில் வைத்துக் காண்கிறோம்.

மொழியின் உறவை இரத்தத்தின் உறவாகக் கொண்டது சென்ற நூற்றாண்டுகளின் பெரும் பிழை. மொழி ஒரு மக்களிடமிருந்து மற்றொரு மக்களுக்குக் கைம்மாறக் கூடியது. ஆரிய என்பது மொழியைக் குறிக்கும் சொல்லேயன்றி இனத்தைக் குறிப்பதன்று என்று மாக்ஸ் முல்லர் 1888-இலேயே எச்சரித்தார். அதைச் செவிமடுக்காததனால் ஐரோப்பாவில் நேர்ந்த கொடுமையை உலகம் அறியும். உடுக்குறியிட்ட ஒரு சொல்லின்மேல் எவர்க்கும் உயர்வு கட்டப்படுதல் தகாது. அக்குறியே அதற்குத் தடை.

அஸ்தி, ஸ்தஹ, ஸந்தி என்று ஓதும் மாணவனிடம் மீண்டும் செல்வோம். அகரம் ஏன் போயிற்று என்று அவன் என்றேனும் ஆசிரியரைக் கேட்பானாயின், அது விதி, ஓது என்று அவனை அடக்கிவிடுதல் எளிது. ஆனால் வெர்னரும் ஸொஸ்ஸூரும் கேட்ட வினா அதுவே. அவ்வினாவின் விடையில் ரோமாபுரியும் லைப்சிக்கும் போகாஸ்கோயின் களிமண்ணும் ஒருங்கே வந்து சேர்கின்றன. அவனுக்கு அவ்விடையைச் சொல்லுங்கள்; சொல்லத் தெரியாவிடின், கேட்கவாவது விடுங்கள்.